சூடு தங்கும் வீடு

1

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்பிய சற்று நேரத்தில் பாளையங்கோட்டையிலிருந்து போன் வந்தது. என் மனைவியின் தம்பி தானியேல். அங்கே பள்ளிக்கூட வாத்தியார். எஸ்.டி.டி. பூத்தில் ஓடுகிற மீட்டரையே பார்த்துக்கொண்டு அவசரமாகப் பேசுவதுதான் அவன் வழக்கம். அன்று மட்டும் நிதானமாகக் கேட்டான்.

“அத்தான், வீட்டு மச்சு மேல பஞ்சு மெத்தை விரிச்சிருக்கியளாமே? ஷீபா கார்டுல எழுதியிருந்தா. மேல யாரு படுக்கப் போறா?”

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அது படுப்பதற்கான பஞ்சு இல்லை, வீட்டுச் சூடு கூரை வழியாகப் போய்விடாமல் இருக்கப் போடுவது என்று சொன்னேன். அவனுக்கு அது இன்னும் வேடிக்கையாக இருந்தது. சூடு போகாமல் காவல் காக்கிற ஊரும் இருக்கிறதா என்று கேட்டான். பாளையங்கோட்டையில் சித்திரை மாதம் மாடி அறையில் தூங்குகிறவனுக்கு வேறெப்படித் தோன்றும்?

ஜெபமணி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் ஊருக்கு எதுவுமே எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் பேனா மூடியைத் திறப்பேன், பிறகு மூடுவேன். பஞ்சைப் பற்றி என்றால் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

நாங்கள் இருப்பது வட இங்கிலாந்தில், பழைய மில் ஊர் ஒன்றில். ஜெபமணி நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்துத்தான் வந்தோம். நான் அவளோடு வந்தவன். பஸ் டிப்போவில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. எங்கள் ஒரே மகள் ஷீபா இங்கேதான் பிறந்தாள். இப்போது அவளுக்குப் பதினாறு வயது.

வீடு சிவப்புச் செங்கல் வீடு. தெரு முழுக்க ஒன்றோடொன்று ஒட்டி, ரயில் பெட்டிகள் மாதிரி நிற்கும் வீடுகள். எங்களுடையது கடைசி வீடு. அதனால் ஒரு பக்கச் சுவருக்குத் துணையில்லை. காற்று அந்தச் சுவரில்தான் மோதும். ஜன்னல் சட்டத்தின் ஓரம், கதவின் அடி, தபால் போடுகிற துவாரம், தரைப் பலகைகளின் இடுக்கு என்று எங்கெல்லாம் வழி உண்டோ அங்கெல்லாம் உள்ளே வரும்.

ஊரில் காற்று வருவதற்காகத்தான் வீடு கட்டுகிறோம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சுவர்களில் கூரையை ஒட்டி வெண்டிலேட்டர் இருந்தது. கம்பி வலை பிய்ந்து, சிட்டுக்குருவி அதன் வழியாக வந்து போகும். ஆனி, ஆடியில் மலையிடுக்கிலிருந்து புறப்பட்டு வருகிற காற்றுக்கு ஊரே புழுதியாகும். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க எல்லா வீட்டிலும் ஒரு கல் கிடக்கும். அந்தக் காற்றை வையாதவர்கள் கிடையாது. ஆனால் யாரும் அதை வெளியே நிறுத்த நினைத்ததில்லை.

ஜெபமணி அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தாள். காலையில் எழுந்ததும், வெளியே பனி கொட்டினாலும் சரி, எல்லா ஜன்னலையும் சற்று நேரம் திறந்து வைப்பாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி பார்த்துச் சிரிப்பாள். இவள் தமிழிலேயே அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே வருவாள். “ராத்திரி விட்ட மூச்சையே பகல்லயும் இழுக்கவா முடியும்?” என்பது அந்தப் பதில். அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, கையாட்டுவாள்.

3

ஒரு ஜனவரியில் ஜெபமணி போனாள். புற்றுநோய். கடைசி மாதங்களில் மாடி அறையில்தான் படுத்திருந்தாள். அவளால் எழுந்து ஜன்னல் திறக்க முடியவில்லை. எங்களுக்கும் திறக்கத் தோன்றவில்லை.

அடக்கம் இங்கேயே நடந்தது. அந்த வருஷம் மே மாதம் ஷீபாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். தானியேல் வீட்டில் நினைவு ஜெபக்கூட்டம். மாடியில் எங்களுக்கு அறை. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் எங்கள் மேல் கக்கியது. சாயங்காலம் தானியேல் தளத்தில் தண்ணீர் ஊற்றினான். பத்தாமல் சுண்ணாம்பு அடித்தான். கரன்ட் வரும், போகும். வந்தாலும் மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது. ஒருநாள் எங்களைப் பாபநாசத்துக்குக் கூட்டிப்போனார்கள். மலைச்சரிவில் இறங்கும் பெரிய குழாய்களைக் காட்டி, இந்தத் தண்ணீரிலிருந்துதான் கரன்ட் எடுக்கிறார்கள் என்று ஷீபாவிடம் சொன்னேன். சின்ன வயதில் அதைக் கேட்டுவிட்டு ஆற்றில் இறங்கவே நான் பயந்ததையும் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்த வருஷம் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

எனக்கு எதுவும் பட்டதாகச் சொல்ல முடியாது. தாமிரபரணியில் இறங்கி நின்றேன். தண்ணீர் ஓடியது. கால் நனைந்தது. எல்லோரும் நான் அழுவேன் என்று எதிர்பார்த்து ஒதுங்கி நின்றார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கரையேறித் துண்டால் துவர்த்திக்கொண்டேன். இங்கே திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் மழை. அதுவும் படவில்லை.

4

இலையுதிர்காலத்தில் ஷீபாவின் பள்ளியில் சுற்றுச்சூழல் குழு ஒன்று ஆரம்பித்தார்கள். அவள் சேர்ந்தாள். பூமி சூடாகிறது, நாம் எரிக்கிற கேஸும் நிலக்கரியும்தான் காரணம், அதில் பாதியை ஓட்டை வீடுகள் வீணாக்குகின்றன என்று ஒரு சாயங்காலம் என்னிடம் சொன்னாள். ஆங்கிலத்தில்தான். வீட்டில் தமிழ் பேச வைத்தது ஜெபமணி. அவளுக்குப் பிறகு நான் தமிழில் கேட்பேன், ஷீபா ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருவருமே அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்வதில்லை.

பூமி சூடாகிற விஷயம் எங்கள் தெருவுக்கு இன்னும் தெரியாதுபோல என்றேன். அவள் சிரிக்கவில்லை. மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். சுடர் சாய்கிற இடத்திலெல்லாம் சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். வீடெங்கும் புள்ளி.

பழைய வீடுகளை அடைத்துச் சூடாக்க நகரசபை உதவி செய்கிறது என்று அவளே விசாரித்துவிட்டு வந்தாள். அலுவலகத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு நடுவயதுப் பெண் அதிகாரி. குளிர்காற்று இடுக்கு வழியாக உள்ளே வருவதற்கு ஆங்கிலத்தில் ‘டிராஃப்ட்’ என்று பெயர். எழுத்தைப் பார்த்தால் அப்படி உச்சரிக்கத் தோன்றாது. நான் ‘டிரவ்ட்’ என்றேன். அப்படிச் சொன்னால் வறட்சி. என் வீட்டில் ஒவ்வொரு அறையிலும் வறட்சி, மாடியில் ரொம்ப வறட்சி, என் மகள் எல்லா வறட்சிக்கும் புள்ளி வைத்திருக்கிறாள் என்று அந்த அம்மாளிடம் விளக்கமாகச் சொன்னேன். அவள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டாள். ஷீபா காது சிவந்து தரையைப் பார்த்தாள். கார் பருவ நெல் தண்ணீரில்லாமல் காய்ந்துபோன வருஷங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வாயில் வருகிற வார்த்தை அதுதான்.

வீடு ஜெபமணி பெயரிலும் என் பெயரிலும் இருந்தது. ஆகவே இருவரும் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். ஒருத்தி இல்லை என்றேன். அதற்குச் சான்று கேட்டார்கள். அனுப்பினேன். கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினேன். குளிர் வந்துவிட்டது. கடைசியில் அனுமதி வந்தபோது, உறையின் மேல் ஜெபமணியின் பெயர் மட்டும் இருந்தது. அவளுடைய வீடு சீக்கிரமே கதகதப்பாக ஆகப்போவதற்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் வரிசையில் நிறையப் பேர் இருப்பதால் வசந்தகாலம் வரை பொறுக்க வேண்டுமாம்.

ஷீபா அதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு தன் அறைக்குப் போய்விட்டாள்.

5

முதல் பனி விழுந்த காலையில் அவள் என்னைத் தெருவுக்குக் கூப்பிட்டாள். எல்லாக் கூரையும் வெள்ளை. எங்கள் கூரை மட்டும் கறுப்பாக ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. நம் வீட்டுச் சூடெல்லாம் மேலே போய்ப் பனியை உருக்குகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் குரலில் இருந்த கோபம் எனக்குப் புரியவில்லை. கூரை மேல் என்ன கோபம்?

அதற்குப் பிறகு அவள் நகரசபைக்குக் காத்திருக்கவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் வேலையை ஆரம்பிப்பாள். ஜன்னல்களில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டித் தலைமுடி உலர்த்தும் கருவியால் விறைப்பாக்கினாள். ஜெபமணியின் பழைய புடவைகளில் ஒன்றைக் கிழிக்கட்டுமா என்று கேட்டாள். சரி என்றேன். அதைத் தைத்து, உள்ளே துணி அடைத்து, கதவடியில் பாம்பு மாதிரி போட்டாள். தரை இடுக்குகளில் காகிதக்கூழ். தபால் துவாரத்துக்குப் பிரஷ். வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் கோடு வரைவாள். கோடு இறங்கிக்கொண்டே வந்தது. பில்லும் நிஜமாகவே குறைந்தது. நல்ல வேலை என்றேன்.

மாடி அறையைப் பூட்டிவிட்டு நாங்கள் முன்னறையிலேயே இருந்தோம். அங்கே சுவரோடு ஒரு கேஸ் கணப்பு உண்டு. புகைபோக்கி வழியாக அதன் புகை போய்விடும். அதன் பக்கத்துச் சுவரில், தரையை ஒட்டி, ஓட்டைகள் போட்ட ஒரு செங்கல். அதன் வழியாகத்தான் மிகக் குளிர்ந்த காற்று வரும். ஷீபா அதையும் செய்தித்தாள் திணித்து டேப் ஒட்டி அடைத்தாள். நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் செங்கல் எதற்காக அங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியாது.

அறை நன்றாகச் சூடாயிற்று. எனக்குச் சாயங்காலங்களில் தலை வலித்தது. டிப்போவுக்குப் போனால் விட்டுவிடும். வீட்டுக்கு வந்தால் மறுபடி ஆரம்பிக்கும். துக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். இந்த வீட்டுக்குள் நுழைந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? கை கால் மரத்தது. அதுவும் ஒரு வருஷமாக இருப்பதுதானே. ஷீபா பாடப்புத்தகத்தின் மேல் தலைவைத்துத் தூங்கிப்போனாள். பள்ளியில் பலருக்குக் காய்ச்சல், இவளுக்கும் அதுவாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தேன். கணப்பின் தீ நீலம் போய் மஞ்சளாக எரிந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

6

காதர் பாய் மேலப்பாளையத்துக்காரர். இங்கே மளிகைக்கடை வைத்திருக்கிறார். என்னைவிட மூத்தவர். ஜெபமணி போன பிறகு சனிக்கிழமைகளில் மீனோ கருவாடோ எடுத்துக்கொண்டு வருவார். கொஞ்ச நேரம் உட்காருவார். நான் பேசாவிட்டாலும் அவர் பேசுவார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம் வந்தார். மணி அடித்ததும் ஷீபா கதவைத் திறக்கப் போனாள். நான் எழுந்திருக்க நினைத்தேன், முடியவில்லை. சரி, அவள்தான் போகிறாளே என்று இருந்துவிட்டேன். நடைவழியில் ஏதோ விழுந்த சத்தம். அது ஷீபா என்று எனக்குத் தெரிந்தது. அவள் விழுந்துவிட்டாள் என்று மனதுக்குள் தெளிவாகச் சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. என் வாழ்நாளில் நினைத்து நான் பயப்படுவது அந்த நேரத்தைத்தான். எனக்கு அப்போது பயமே வரவில்லை என்பதை நினைத்து இப்போது பயப்படுகிறேன்.

கதவின் தாழ்ப்பாளை அவள் விழுவதற்கு முன்பே எடுத்திருந்தாள். காதர் பாய் தள்ளிக்கொண்டு வந்தார். அவளை வாசலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“என்ன வே இது? டின்னுக்குள்ள அடச்ச மாரில்லா இருக்கு. எந்திரியும்.”

வருகிறேன் என்றேன். வாய் மட்டும்தான் சொன்னது.

“வெளிய வாரும் வே. உட்காந்து பேச நேரமில்ல. புள்ள விழுந்து கெடக்கா.”

அக்குளில் கைகொடுத்து என்னைத் தூக்கினார். போகிற வழியில் ஜன்னலை ஒரு கையால் தள்ளித் திறந்தார். பிளாஸ்டிக் தாள் கிழிந்த சத்தம் கேட்டது. வாசலில் பனியின் மேல் உட்கார வைத்தார். ஷீபாவின் கன்னம் நல்ல ரோஜா நிறமாக இருந்தது. இவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறாளே என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி ஆம்புலன்ஸை அழைத்தாள்.

7

ஆஸ்பத்திரியில் எங்கள் முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள். கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர். நிறமில்லை, வாசனையில்லை. உள்ளே போனால் முதலில் தலைவலி, பிறகு மயக்கம், பிறகு ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்த அறையில் இருந்திருந்தால் காதர் பாய் அடித்த மணியை யாரும் கேட்டிருக்கமாட்டோம்.

கேஸ் இணைப்பைத் துண்டித்துவிட்டு வந்த அலுவலர் மறுநாள் வார்டுக்கே வந்து விளக்கினார். புகைபோக்கிக்குள் ஒரு பறவைக்கூடு விழுந்து பாதி அடைபட்டிருந்ததாம். ஓட்டைச் செங்கல் திறந்திருந்தவரை சமாளித்தது. அதையும் அடைத்ததும் கணப்புக்கு மூச்சு முட்டி, புகை அறைக்கே திரும்பிவிட்டது. வீட்டை அடைப்பது நல்ல காரியம்தான், ஆனால் நெருப்பு எரிகிற அறைக்குக் காற்று வழி விடாமல் அடைக்கக்கூடாது என்றார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு, துவாரத்தை அடைத்தது யார் என்று கேட்டார்.

பக்கத்துக் கட்டிலில் ஷீபா முகமூடியோடு கிடந்தாள். கண் திறந்திருந்தது.

நான்தான் என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு போனார். ஷீபா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேஸ் இல்லாத வீட்டுக்குப் போக முடியாதென்று காதர் பாய் எங்களைத் தம் கடைக்கு மேலேயுள்ள வீட்டுக்குக் கூட்டிப்போனார். கிறிஸ்துமஸ் அங்கேதான். அவர் மனைவி ஷீபாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். கீழே கடையில் ஆட்கள் வந்துபோகிற சத்தம். ஒரு சாயங்காலம் ஷீபா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தமிழில் பேசினாள். தட்டுத் தடுமாறித்தான்.

“ஏன் பொய் சொன்னீங்க?”

“ஆரு அடச்சா என்ன? நானும்தான பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அவள் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “அம்மாக்கு எப்பவும் குளிருச்சு. மூணு பிளாங்கெட் போட்டும் கை ஐஸ். நான் ஸ்கூல் விட்டு வந்து கை பிடிப்பேன். சூடாகவே ஆகல. இந்த வீட்டுல அவ்வளவு ஓட்டை. முன்னாடியே நான் அடைச்சிருந்தா...”

ஒவ்வொரு புள்ளிக்கும் அவள் பென்சில் எடுத்தது எதற்கென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“அது வீட்டுக் குளிரு இல்லம்மா” என்றேன். “சீக்குக் குளிரு. அத அடைக்க ஒன்னாலயும் ஆகாது, என்னாலயும் ஆகாது, டாக்டராலயும் ஆகல.”

அவள் அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அவளுக்கு வருகிறதே என்று இருந்தது.

8

வசந்தகாலத்தில் நகரசபையின் ஆட்கள் சொன்னபடி வந்தார்கள். தானியேல் கேட்ட பஞ்சு அப்போது வந்ததுதான். கண்ணாடி இழைப் பஞ்சு, சுருள் சுருளாக. கூரைக்கு அடியிலுள்ள பரணில் கெட்டியாக விரித்தார்கள். கையில் பட்டால் அரிக்கும். சுடுதண்ணீர்த் தொட்டிக்குத் தடித்த சட்டை போட்டார்கள். கதவு, ஜன்னல் ஓரங்களில் ரப்பர் பட்டை. கணப்பை எடுத்துவிட்டுப் புகையை நேரே வெளியே தள்ளும் பாய்லர் வைத்தோம். அதற்கு மட்டும் நகரசபைப் பணம் பத்தவில்லை, என் சேமிப்பிலிருந்து போட்டேன். சமையலறையிலும் முன்னறையிலும் காற்றுவழி விட்டார்கள். அதை மூடாதீர்கள் என்று சிவப்பில் அச்சடித்த அட்டையை ஷீபா கேட்டு வாங்கி ஒட்டினாள். விஷப்புகை வந்தால் கூவும் சின்னப் பெட்டி ஒன்றும் சுவரில் இருக்கிறது. சுவர்ப் புள்ளிகளை அழிக்கவா என்று கேட்டார்கள். அவளே அழித்தாள்.

அடுத்த குளிருக்கு எங்கள் கூரையிலும் பனி நின்றது. பில் பழைய தொகையில் பாதிக்குச் சற்று மேல்தான் வந்தது. அவளுடைய குழுவில் மற்ற வீடுகளுக்கும் போய்ப் பார்க்கிறார்கள். முதலில் பார்ப்பது காற்றுவழியைத்தானாம். மாடி அறையையும் திறந்துவிட்டோம். வீடு முழுவதும் ஒரே சூடாக இருக்கும்போது ஓர் அறையைப் பூட்டிவைக்கக் காரணம் கிடைக்கவில்லை.

சென்ற மாதம் இரண்டாம் நினைவு ஜெபம். தமிழ்ச் சபையிலிருந்து பத்து இருபது பேர் வந்தார்கள். காதர் பாய் தம்பதியும் வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். முன்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கோட்டைக் கழற்றமாட்டார்கள். பொத்தான்கூட அவிழ்க்காமல் தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். ஜெபமணிக்கு அது பெரிய குறை. அன்று வந்தவர்கள் நடையிலேயே ஒவ்வொருவராகக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். இவ்வளவு கோட்டுகளை வைக்க எங்கள் வீட்டில் இடம் கிடையாது. மாடிக்குக் கொண்டுபோய் ஜெபமணியின் கட்டிலில் போட்டேன். இறங்கினேன். இன்னும் கொடுத்தார்கள். மறுபடி ஏறினேன்.

கடைசிச் சுமையைப் போட்டுவிட்டு அந்தக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கோட்டுகளுக்குள் கைவைத்தேன். அவரவர் உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை. கீழே பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வீட்டை இப்படி ஒருநாளும் அவள் பார்க்கவில்லை என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சத்தமாகவே வந்தது. பாட்டுச் சத்தத்தில் அது கீழே கேட்டிருக்காது.

ஷீபா தேடிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். கோட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சூடா இருக்குல்லா, அப்பா?” என்றாள்.

“இருக்கு” என்றேன்.